டிராகனின் தலையைக் கழற்றும் வேளை

பங்குனி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் வேலை ஓய்ந்துவிடும். மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்திருக்கும். கண்மாயில் தண்ணீர் நின்ற இடம் வெடித்துக் கிடக்கும். சீமைக்கருவேலம் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். ஊர்க் கோயில்களில் பொங்கல் சாட்டுவதும் இந்த மாதத்தில்தான். அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் என்றால் கூடவே பொருட்காட்சியும் உண்டு. பந்தல்குடி, பாளையம்பட்டி, காரியாபட்டி, நரிக்குடி எனச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனம் வந்து சேரும். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, வளையல் கடை, ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா என்று வரிசையாக இருக்கும். அத்தனையையும் தாண்டி, ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் இடம் ஒன்று உண்டு: டிராகன் ரயில்.

பச்சை உடம்பு, சிவந்த வாய், வரிசைப் பல், கண்ணுக்குள் எரியும் பல்பு. பின்னால் நாலைந்து பெட்டிகள். இரவு வெளிச்சத்தில் அது வளைந்து திரும்பும்போது வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் ஓர் அடி பின்வாங்கி, பிறகு இரண்டு அடி முன்னே வருவார்கள்.

அதே டிராகனைப் பகலில் பார்க்க வேண்டும். கூட்டமில்லாத மைதானத்தில், பராமரிப்பு நடக்கும் நேரத்தில், அது தலையில்லாமல் நிற்கும். தலை பக்கத்தில் தார்ப்பாயின் மேல் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். உள்ளே வெறும் கூடு. இரண்டு பாதியாக வார்த்து நடுவில் ஒட்டிய ஃபைபர் என்பது நெற்றியில் ஓடும் மெல்லிய கோட்டில் தெரியும். தாடைக்குக் கீழே போல்ட் துளைகள். துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல், அதன் மேல் போன வருஷம் பூசிய பசை, அதற்கும் மேல் இந்த வருஷத்துப் பெயின்ட். தலை இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சட்டம் வெளியே தெரிகிறது. சட்டத்தில் அச்சு, அச்சில் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிக் கறுத்த கிரீஸ். ஸ்பேனரோடு குனியும் தொழிலாளிக்குப் பார்க்க வேண்டியது அந்த இடம்தான். அவர் அதைப் பார்க்க வேண்டுமானால் தலை இறங்கியாக வேண்டும்.

ஓடும் வண்டிக்கு வேஷம் கட்டுவது உலகமெங்கும் உள்ள பழக்கம். ரோலர் கோஸ்டர் ரயிலுக்குப் பறவை முகமும் பாம்பு முகமும் வைப்பார்கள். நம் ஊரில் தேருக்குச் சீலையும் தொம்பையும் குதிரையும் கட்டுவார்கள். கட்டுவதைப் பற்றிப் பேச ஆளுண்டு. கழற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்தக் கழற்றும் வேலைதான்.

வெறும் பெஞ்சில் தொடங்கியது

முதலில் ரோலர் கோஸ்டருக்கு வேஷம் எதுவும் இல்லை. 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் தம்முடைய சரிவு ரயிலை ஓடவிட்டபோது அது சக்கரம் வைத்த பெஞ்சாகத்தான் இருந்தது. பயணிகள் பக்கவாட்டில் திரும்பி, கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுக்குத்தான் வேகம். கட்டணம் 5 சென்ட். சைக்கிள் வேகம்கூட இல்லாத அந்த வண்டிக்குச் சனம் அலைமோதியது.

கூட்டம் வந்ததும் போட்டியும் வந்தது. தாம்ப்சனே அடுத்த கட்டமாக, பாதையின் இருபுறமும் மலை, குகை, அரண்மனை என்று ஓவியத் திரைகளை நிறுத்தினார். அப்போதும் அலங்காரம் பாதைக்குத்தான், வண்டிக்கு இல்லை. நியூயார்க் அருகே ரை நகரின் பூங்காவில் 1929-ல் கட்டிய டிராகன் கோஸ்டரில் டிராகன் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரயில் அதன் வாய்க்குள் புகுந்து வெளியே வருகிறது. அது இன்றும் ஓடுகிறது.

1959-ல் டிஸ்னிலாண்டில் மேட்டர்ஹார்ன் மலை கோஸ்டர் வந்தது. மரத் தண்டவாளம் போய் உருண்ட எஃகுக் குழாய் வந்தது. குழாயை நினைத்தபடி வளைக்கலாம் என்றானதும் ரயிலின் உருவத்தையும் நினைத்தபடி மாற்றத் தொடங்கினார்கள். மேட்டர்ஹார்னில் பனிச்சறுக்கு வண்டி. பிறகு சுரங்க ரயில், பந்தயக் கார், விலங்கு என்று வரிசையாக வேஷங்கள். 2019-ல் ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் திறந்த ஹேக்ரிட் என்ற கோஸ்டரில் ஒவ்வொரு வரிசையும் மோட்டார் சைக்கிளும் பக்கப் பெட்டியும் போலவே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டே போகிறார்.

இந்தியாவுக்கு இந்தப் பூங்காக்கள் பிந்தித்தான் வந்தன. 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்புவின் பெயரில் டெல்லியில் அப்பு கர் 1984-ல் திறந்தது. மும்பை அருகே கோப்போலியில் இமாஜிகா 2013-ல் வந்தது. சென்னை அருகே திருப்போரூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தபோது அதன் பெரிய கோஸ்டருக்குத் தஞ்சாவூரை நினைவூட்டும் தஞ்சோரா என்ற பெயரை வைத்தார்கள். திருச்சுழிப் பிள்ளைக்கு இவை எல்லாம் தூரம். மதுரை பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்குக்கூட வருஷத்துக்கு ஒரு முறை போய்வந்தால் பெரிது. அந்தப் பிள்ளைக்கு முதல் கோஸ்டர், பங்குனி மைதானத்துக்கு லாரியில் வந்து இறங்கும் இந்த டிராகன்தான். பெரும்பாலும் மோட்டார் ஓட்டும் சின்ன ரயில் அது. மலை உயரத்திலிருந்து விழுவதில்லை. என்றாலும் அச்சு, சக்கரம், போல்ட், ஃபைபர் என்ற நான்கும் பெரிய பூங்காவின் ரயிலுக்கும் இதற்கும் பொது.

இழுக்காத எஞ்சின்

கோஸ்டர் ரயிலின் முகப்பைப் பார்த்து ஏமாறாத ஆள் குறைவு. சுரங்க ரயில் வகைக் கோஸ்டர்களில் முன்னால் புகைபோக்கியோடு ஒரு நீராவி எஞ்சின் நிற்கும். பார்ப்பவருக்கு அதுதான் ரயிலை இழுப்பது போலத் தோன்றும். அதற்குள் எஞ்சினே இல்லை. ரயிலை மேலே ஏற்றுவது பாதையின் நடுவில் ஓடும் சங்கிலி. உச்சிக்குப் போனபின் கீழே இறக்குவது புவி ஈர்ப்பு. அதன்பின் அடுத்த சங்கிலி ஏற்றமோ பிரேக்கோ வரும்வரை ரயிலை யாரும் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை.

ஒவ்வொரு பெட்டியும் பாதையை மூன்று பக்கமும் பிடித்திருக்கும். மேலே ஓடும் சக்கரம் பாரத்தைத் தாங்கும். பக்கச் சக்கரம் வளைவில் ரயில் ஒதுங்காமல் பார்த்துக்கொள்ளும். அடிச் சக்கரம், ரயில் பாதையை விட்டு எம்பாமல் கீழிருந்து பிடிக்கும். அமெரிக்கப் பொறியாளர் ஜான் மில்லர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் செங்குத்தான பள்ளங்களில் ரயில் இறங்கத் துணிந்தது. டிராகன் முகமாக இருந்தாலும் எஞ்சின் முகமாக இருந்தாலும், பெரிய கோஸ்டரில் அந்த முகத்தைச் சுமக்கும் சட்டத்துக்கும் இந்தச் சக்கரங்கள் வேண்டும். இழுக்காத எஞ்சினுக்கும் பராமரிப்பு உண்டு என்று ஆவது இங்கேதான்.

கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டின் பிக் தண்டர் மவுன்டன் ரயிலில் 2003 செப்டம்பர் 5-ம் தேதி நடந்தது இதற்குக் கொடிய சாட்சி. முன்னால் இருந்த அலங்கார எஞ்சினின் அடிப்பகுதியில் ஒரு சக்கர இணைப்பு சரியாக இறுக்கப்படவில்லை. ஓட்டத்தில் அது கழன்றது. எஞ்சினின் அச்சு விழுந்து பாதையில் சிக்க, எஞ்சின் எகிறி, சுரங்கத்தின் கூரையில் மோதி, பின்னால் வந்த முதல் பயணிகள் பெட்டியின் மேல் விழுந்தது. 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பத்துப் பேர் காயமடைந்தனர். பராமரிப்பு முறையாக நடக்கவில்லை, ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. ரயிலிலிருந்து வழக்கத்துக்கு மாறான சத்தம் வருவதை ஊழியர்கள் கேட்டிருந்தார்கள். இந்த ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றிருந்தார்கள்.

அலங்காரத்துக்கு என்று ஒரு தனிச் சலுகை கிடையாது என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. பயணி உட்காராத பெட்டிதானே என்று விட்ட இடம்தான் பயணியின் தலையில் விழுந்தது.

ஏன் கழற்றுகிறார்கள்

புதுசாக வரும்போது பளபளத்த ரயில், சில வருஷம் கழித்து மொட்டையாக ஓடுவதை உலகத்துப் பூங்காக்களில் பார்க்கலாம். முன்பு இறக்கை இருந்ததே, கொம்பு இருந்ததே என்று பழைய ரசிகர்கள் அங்கலாய்ப்பார்கள். கழற்றியதற்குக் காரணம் ஒன்றாக இருப்பதில்லை.

முதல் காரணம் இடம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சிடார் பாயின்ட் பூங்கா 2003-ல் டாப் த்ரில் டிராக்ஸ்டர் என்ற கோஸ்டரைத் திறந்தது. 420 அடி உயரம், மணிக்கு 193 கிலோமீட்டர் வேகம். அன்றைக்கு உலகிலேயே உயரமும் வேகமும் அதற்குத்தான். ரயிலைப் பந்தயக் கார் போலவே செய்திருந்தார்கள். பின்பக்கத்தில் பொம்மை எஞ்சின், கொழுத்த டயர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆள் உட்கார முடியாது. மணிக்கணக்கில் வரிசை நிற்கும் கோஸ்டரில் ஒரு வரிசை இருக்கை என்பது சின்ன விஷயமில்லை. பின்னாளில் அந்த அலங்காரத்தை எடுத்துவிட்டு இருக்கையைக் கூட்டினார்கள்.

இரண்டாவது காரணம் பெயர் உரிமை. 2005-ல் ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவிலும் கனடாவின் வொண்டர்லேண்ட் பூங்காவிலும் ‘தி இத்தாலியன் ஜாப்’ என்ற ஹாலிவுட் படத்தின் பெயரில் கோஸ்டர் திறந்தார்கள். படத்தில் வரும் மினி கூப்பர் கார்களின் சிறிய உருவமாகவே ரயில் பெட்டிகள் இருந்தன. அப்போது அந்தப் பூங்காக்கள் பாரமவுன்ட் பட நிறுவனத்தின் குடையில் இருந்தன. 2006-ல் வேறு நிறுவனம் அவற்றை வாங்கியது. படத்தின் பெயரையும் காரின் சின்னத்தையும் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. 2008-ல் கோஸ்டரின் பெயர் மாறியது. மினியின் அடையாளங்கள் அகன்றன. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தில் போட்ட கையெழுத்து காலாவதியானதால் வேஷம் கலைந்தது.

மூன்றாவது காரணம்தான் நம் கரிசல் காட்டு மைதானத்துக்கு நெருக்கமானது: வெயிலும் அதிர்வும். ஃபைபர் என்று நாம் சொல்லும் பொருள், கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. இலேசானது, எந்த உருவத்துக்கும் வளையும், மழைக்குத் துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் பிசின் வெளிறும், மேல்பூச்சு பொடிந்து இழை வெளியே தெரியும். ஓயாத அதிர்வில் போல்ட் துளையைச் சுற்றித்தான் முதல் விரிசல் விழும். இறுக்கிய போல்ட் தளர்வதும் அங்கேதான். துளை பெரிதாகும், தலை ஆடத் தொடங்கும், ஆடினால் விரிசல் ஓடும். கோடைக்குக் கோடை ஊர் ஊராக லாரியில் ஏறி இறங்கும் டிராகனுக்கு இந்தத் தேய்மானம் நிற்கும் பூங்காவின் ரயிலைவிட அதிகம். ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பூட்ட வேண்டும். பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு போல்ட் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. அதே சமயம், பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. நிலையான பூங்காவுக்கு இல்லாத வசதி அது. பயன்படுத்திக்கொள்வது தொழிலாளியின் கையிலும் அவருக்கு முதலாளி கொடுக்கும் நேரத்திலும் இருக்கிறது.

நான்காவது, மறைப்பு. அலங்காரம் அழகாக்குவதோடு மூடவும் செய்கிறது. அச்சு, பற்றவைத்த இடம், பின் எல்லாம் வேஷத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. தினமும் காலையில் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க இருபது போல்ட் கழற்ற வேண்டும் என்றால், நாளாக நாளாக அந்த வேலை தள்ளித்தான் போகும். அதனால்தான் பனிக்காலத்தில் மூடும் குளிர்நாட்டுப் பூங்காக்களில் ரயிலை முழுக்கப் பிரித்துவிடுகிறார்கள். பெட்டி, இருக்கை, சக்கரம், அச்சு என்று தனித்தனியாக்கி, பெயின்டைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் சோதித்துக் கண்டுபிடித்து, பிறகுதான் மறுபடி பூட்டுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே ரயில் எலும்பும் நரம்புமாக வெளிச்சத்துக்கு வருகிறது.

தேர் பிரிக்கும் நாள்

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியில், குண்டாற்றங்கரைத் திருமேனிநாதர் கோயிலின் பங்குனித் தேரோட்டத்தை ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை கூட இருந்து பார்த்தால் போதும். ஓடுகிற நாளுக்கு மட்டும் போகாமல், கட்டுகிற நாளுக்கும் பிரிக்கிற நாளுக்கும் போக வேண்டும்.

நம் தேர் இரண்டு பங்கு. கீழே, வருஷம் முழுவதும் தேரடியில் நிற்கும் மரப் பகுதி. இலுப்பையும் வேங்கையும் தேக்கும் சேர்த்து அடுக்கி, யாளியும் தெய்வ உருவமும் செதுக்கியது. எடை முழுவதும் இங்கேதான். மேலே, விழாவுக்காக மட்டும் எழும் பகுதி. மூங்கிலும் கால்களும் நட்டு, குறுக்குக் கழி கட்டி, கயிற்றால் இறுக்கி, தட்டுத் தட்டாக எழுப்பி, தேர்ச்சீலை போர்த்தி, ஓரங்களில் தொம்பை தொங்கவிட்டு, உச்சியில் கலசம் வைப்பார்கள். முன்னால் பாயும் குதிரைகளும் சாரதியும். பார்வைக்குப் பெரும்பங்கு உயரம் மேல்பகுதிதான். எடையில் அதன் பங்கு குறைவு.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொண்டால் கணக்கு துலக்கமாகும். அலங்காரம் இல்லாமல் சுமார் 30 அடி. அலங்கரித்தால் 96 அடி. மொத்த எடை 300 டன் அளவுக்கு வரும். அறுபது அடிக்கு மேல் எழும் அந்தக் கோபுரம் முழுவதும் மூங்கிலும் துணியும் கயிறும்தான். 96 அடியையும் மரத்திலேயே செய்திருந்தால் தேர் முதல் திருப்பத்திலேயே சாய்ந்திருக்கும். பாரம் கீழே, பகட்டு மேலே என்று வைத்த தச்சர்களின் கணக்கு, இன்றைய பொறியாளர் புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்தி வைப்பது என்று சொல்லும் அதே கணக்கு.

விழா முடிந்ததும் சாரம் ஏறி, கட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் அவிழ்ப்பார்கள். முதலில் கலசம், பிறகு சீலை, தொம்பை, குதிரை, கடைசியில் மூங்கில். சீலையை மடித்து உள்ளே வைப்பார்கள். இற்றுப்போன மூங்கிலையும் நைந்த கயிற்றையும் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த வருஷத்துக்குப் புதிசு வரும். தேர் மறுபடி வெறும் மரமாக நிற்கும். தேர் போய்விட்டதே என்று ஊரில் ஒருவரும் வருந்துவதில்லை. பிரிப்பதும் திருவிழாவின் ஒரு நாள்தான்.

இதில் அடங்கிய பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்டுவதால் ஒவ்வொரு முடிச்சையும் ஒருவர் கைபட இறுக்குகிறார். ஒவ்வொரு வருஷமும் பிரிப்பதால் எதுவும் வேஷத்துக்குள் மறைந்தபடி பத்து வருஷம் கிடப்பதில்லை. மரம் உளுத்திருந்தால் தெரியும், ஆணி எழும்பியிருந்தால் தெரியும்.

தேரில் மாற்ற வேண்டியதை மாற்றவும் நம்மவர்கள் தயங்கியதில்லை. இதே விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர், ஆடிப்பூரத்துக்கு லட்சக்கணக்கானவர் கூடும் பெருந்தேர். அதன் பழைய மரச் சக்கரங்கள் போய் இரும்புச் சக்கரம் வந்தது. ஹைட்ராலிக் பிரேக் வந்தது. திருவாரூர்த் தேருக்குச் சக்கரமும் பிரேக்கும் செய்தது திருச்சி பெல் நிறுவனம். மேலே சீலையும் தொம்பையும் அப்படியே. முட்டுக்கட்டை போடுகிறவர்களும் அப்படியே. காலத்துக்கு ஏற்பக் கால் மாறியது, கோலம் மாறவில்லை.

கம்பியும் அச்சும்

அப்படியென்றால் விபத்து ஏன்? ஒழுங்கை விட்ட இடத்தில்தான்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா. வீதி உலா வந்த தேரைச் சாலையில் திருப்பும்போது உயரமான அலங்காரப் பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அலங்காரத்தின் உயரத்துக்கும் கம்பியின் உயரத்துக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போனது. அதே ஆண்டு ஜூன் 13-ல் தருமபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேர் அச்சு முறிந்து கவிழ்ந்தது. இருவர் இறந்தனர். முதலாவது, வேஷம் எட்டிய இடத்தை அளக்காததன் விலை. இரண்டாவது, வேஷத்துக்கு அடியில் இருக்கும் அச்சு முறிந்ததன் விலை.

பெரிய கோஸ்டர் பூங்காக்களில் முதல் வகை விபத்தைத் தடுக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ரயில் பயணிகளோடு ஓடுவதற்கு முன், கை கால் நீட்டினாலும் எட்டக்கூடிய எல்லைக்கு ஒரு சட்டத்தை ரயிலில் கட்டி, பாதை முழுவதும் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சட்டம் எங்கும் உரசக் கூடாது. உரசினால் ரயிலை மாற்று, அல்லது தூணை மாற்று. ஒரு சின்ன ஊரின் சப்பரத்துக்கும் இது முடியும். விழாவுக்கு முந்தின நாள் பகலில், அலங்காரத்தின் முழு உயரத்துக்கு ஒரு உலர்ந்த மூங்கிலை வெட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, மின்வாரிய ஊழியர் கூட நடக்க, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வீதி முழுவதும் அளந்து வந்தால் போதும். சாலை போடும்போது மட்டம் ஓர் அடி ஏறியிருந்தால் கம்பி ஓர் அடி தாழ்ந்ததற்குச் சமம். போன வருஷம் இடிக்காமல் போனது என்பது இந்த வருஷத்துக்குச் சான்றாகாது.

இனி செய்ய வேண்டியது

பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா அலங்காரத்தையும் பிய்த்தெறிந்துவிட்டு வெறும் இரும்பை ஓடவிடுவது சுலபம். அது தப்பிக்கும் வழி. வெறும் இரும்புச் சட்டத்தில் ஏற நரிக்குடிப் பிள்ளை கையைப் பிடித்து இழுக்காது. அந்த முகம்தான் பிள்ளையின் முதல் துணிச்சலை வெளியே கொண்டுவருகிறது. மொட்டையாக்கிய ரயிலைப் பார்த்து வருந்தும் பூங்கா ரசிகர்களின் வருத்தமும் நியாயமானதுதான். அவர்கள் இழந்தது ஒரு கதையை.

வழி நடுவில் இருக்கிறது. அலங்காரம் எடை குறைந்ததாக, சுலபத்தில் கழற்றிப் பூட்டக் கூடியதாக இருக்க வேண்டும். அச்சையும் சக்கரத்தையும் பார்க்க டிராகனின் தாடையில் கீல் வைத்த கதவு ஒன்று போதும். போல்ட் போனாலும் தலை விழாமல் தாங்கும்படி எஃகுக் கம்பிவடத்தால் இரண்டாவது பிடிப்பு ஒன்று வேண்டும். விரிசலைப் பெயின்டால் மூடும் பழக்கம் அடியோடு போக வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன் விரிசலை அடைக்க வேண்டும், அடைக்க முடியாத தலையை ஒதுக்க வேண்டும். கோயில் சப்பரங்களில் உச்சிப் பகுதியை மடக்கி இறக்கும்படி செய்தால், இறக்குவதற்கென்று பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

விதிமுறை இல்லாமலும் இல்லை. கேளிக்கை ராட்டினங்களின் வடிவமைப்பு, நிறுவுதல், இயக்கம், பராமரிப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற நெறிமுறையை வகுத்திருக்கிறது. பொருட்காட்சி நடத்தப் பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை, காவல் துறை ஆகியவற்றின் சான்றும் அனுமதியும் வேண்டும். 2019 ஜூலை 14-ல் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினம் முறிந்து இருவர் இறந்த பிறகு நாடெங்கும் இந்தச் சான்றுகள் பேசப்பட்டன. சான்று வழங்கும் அதிகாரி மாலை விளக்கு எரியும்போது வந்து பார்த்தால் டிராகனின் பல்லைத்தான் பார்ப்பார். பகலில், தலை இறங்கிக் கிடக்கும்போது வர வேண்டும்.

வருகிற பங்குனிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள். டிராகனின் தலை தனியாக ஆடுகிறதா, பெட்டிகளோடு சேர்ந்து போகிறதா? ஒரே இடத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறதா? இருக்கையின் தடுப்புக் கம்பி பிள்ளையின் இடுப்பில் பூட்டிக்கொள்கிறதா? சந்தேகம் இருந்தால் இயக்குபவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பொருட்காட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். விழாக் குழுவில் இருப்பவர்கள், ராட்டினக்காரரிடம் இடத்துக்கு வாடகை பேசும்போதே தினமும் காலையில் பராமரிப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டும். தேர் கட்டும்போதும் பிரிக்கும்போதும் கூட நிற்கும் ஊர்ப் பெரியவர்கள், டிராகன் ரயில் பிரிக்கும்போதும் போய் நிற்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.